நிலமும் பொழுதும் யாருக்கு உரியன? எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி பிளேஸ்’ நாவலில் நட்பும் விடுமுறையும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் எமிலி ஹென்றியின் ‘ஹேப்பி பிளேஸ்’ (2023) கோடைக்கால இலகு வாசிப்புக்கென வெளியான நாவல். கல்லூரிக் கால நண்பர்கள் அறுவர் மெய்ன் மாநிலக் கடற்கரை வீடொன்றில் ஒரு வாரம் கூடுவதே அதன் கதை. காதலர் இருவரின் பிரிவும் சேர்க்கையும் கதையின் மேற்பரப்பாக அமைய, நட்பு நிலைப்பதற்கு ஓர் இடமும் ஓய்வுப் பொழுதும் தேவை என்பதும், அவ்விரண்டும் நண்பர்களின் கையில் இல்லை என்பதும் அதன் அடித்தளமாக அமைகின்றன. நாவல் இச்சிக்கலைக் கூர்மையாக எழுப்பிக் காதலுக்கு மட்டும் விடை தருகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: கோடை நாவல், நட்பு, முதற்பொருள், ஓய்வு, உழைப்பு, மறுமண இன்பியல், எமிலி ஹென்றி.

முன்னுரை

வெகுசன நாவல்களைப் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் இரண்டு நிலைகளில் நின்றுவிடுகின்றன. ஒன்று, அவற்றை இலக்கியத் தகுதியற்றவை எனத் தள்ளுவது. மற்றொன்று, அவற்றின் விற்பனையைக் கொண்டு சமூக மனநிலையை அளப்பது. இரண்டிலும் பனுவல் வாசிக்கப்படுவதில்லை. ஜானிஸ் ராட்வே 1984இல் வெளியிட்ட காதல் நாவல் வாசகியர் பற்றிய ஆய்வு இப்போக்குக்கு மாற்றாக அமைந்தது. வாசகியர் இந்நாவல்களை ஏன் நாடுகின்றனர் என்று அவர்களிடமே கேட்ட அவ்வாய்வு, நாள் முழுவதும் பிறரைப் பேணும் பெண்கள் தமக்கென ஒதுக்கிக்கொள்ளும் சிறு பொழுதாக வாசிப்புச் செயலைக் கண்டது. இங்குப் பொழுது என்பது கதைக்கு வெளியே, வாசிப்பவரின் வாழ்வில் நிற்கும் பொருளாகிறது.

‘கோடை வாசிப்பு’ என்னும் வகைமையின் வரலாறும் இதையே காட்டுகிறது. டோனா ஹாரிங்டன்-லூக்கர் 2019இல் வெளியிட்ட நூல், பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் இவ்வகைமை உருவான விதத்தை விளக்குகிறது. நடுத்தர வர்க்கத்தினரிடையே கோடைச் சுற்றுலா பரவியபோது, பதிப்பாளர்கள் அப்பருவத்துக்கெனத் தனிப் புத்தகச் சந்தையை உருவாக்கினர். நாவல் வாசிப்பைப் பழித்துவந்த சமயவாதிகளின் எதிர்ப்புக்கிடையே, இலகுவான நூலைப் பொழுதுபோக்கின் ஏற்கத்தக்க துணையாக அவர்கள் விளம்பரப்படுத்தினர். கோடை விடுதிகளையே களமாகக் கொண்ட நாவல்களும் அப்போது எழுந்தன. கோடை நாவல் தொடக்கம் முதலே விடுமுறையில் வாசிக்கப்படுவதும் விடுமுறையைப் பொருளாகக் கொள்வதுமாகிய இரட்டைத் தன்மை உடையது.

எமிலி ஹென்றி இம்மரபை அறிந்தே எழுதுபவர். 2020இல் வெளியான அவருடைய நாவலின் தலைப்பே ‘பீச் ரீட்’, அதாவது கடற்கரை வாசிப்பு. அதில் காதல் நாவலாசிரியை ஒருத்தியும் ‘தீவிர’ எழுத்தாளன் ஒருவனும் மிச்சிகன் ஏரிக்கரையில் அடுத்தடுத்த வீடுகளில் வசிக்கின்றனர். இலகு, தீவிரம் என்னும் பிரிவினையே அங்கு விவாதப் பொருள். மூன்று ஆண்டுகள் கழித்து வந்த ‘ஹேப்பி பிளேஸ்’ அவ்விவாதத்தை வெளிப்படையாக நிகழ்த்தவில்லை. அதைக் கதையமைப்புக்குள் கொண்டுசென்றுவிட்டது.

கதைப்போக்கு

ஹாரியட், சப்ரீனா, கிளியோ மூவரும் வெர்மான்ட் மாநிலக் கல்லூரி ஒன்றில் ஒரே அறையில் தங்கித் தோழியரானவர்கள். வின், பார்த், கிம்மி ஆகியோர் பின்னர் இக்குழுவில் இணைகின்றனர். சப்ரீனாவின் தந்தைக்கு மெய்ன் கடற்கரையில் ஒரு வீடு உண்டு. ஆண்டுதோறும் அங்குக் கூடுவது நண்பர்களின் வழக்கம். ஹாரியட்டும் வின்னும் குழுவின் முன்மாதிரி இணை. ஆயினும் அவர்களுடைய திருமண நிச்சயம் கதை தொடங்குவதற்கு 5 மாதங்களுக்கு முன்பே முறிந்துவிட்டது. இருவரும் அதை நண்பர்களிடம் சொல்லவில்லை.

ஹாரியட் வீட்டை அடையும்போது, வரமாட்டான் என்று அவள் நம்பியிருந்த வின் அங்கு நிற்கிறான். தந்தை வீட்டை விற்கப்போவதாகச் சப்ரீனா அறிவிக்கிறாள். தானும் பார்த்தும் அந்த வார இறுதியில் அங்கேயே மணம் புரியவிருப்பதாகவும் கூறுகிறாள. இறுதி வாரத்தைக் கெடுக்க விரும்பாத முன்னாள் காதலர் இருவரும் சேர்ந்திருப்பதுபோல் நடிக்க உடன்படுகின்றனர். ஒரே அறையில் தங்குகின்றனர். மது நிலவறையில் அடைபடுகின்றனர். நடிப்பு மெல்ல உண்மையாகிறது. இவை இவ்வகைமையின் வாசகர்களுக்கு நன்கு பழக்கமான கூறுகள். பழகிய இக்கூறுகளைத் தாங்கி நிற்கும் வீடும் வாரமும் தனிக் கவனத்துக்குரியன.

நிலமும் பொழுதும்

தொல்காப்பியப் பொருளதிகாரம் நிலத்தையும் பொழுதையும் ‘முதல்’ என வகுக்கிறது. மெய்ன் கடற்கரையை நெய்தல் என்றும் அதன் கோடையை வேனில் என்றும் பெயரிட்டுத் திணைப் பொருத்தம் காண்பதால் பயனில்லை. அந்நிலத்தின் வாழ்வும் பொழுதும் வேறானவை. எனினும், மாந்தர் நடத்தைக்கு முன்னே நிலமும் பொழுதும் நிற்கின்றன என்ற கருத்து இந்நாவலை அணுக உதவுகிறது. தமிழில் ‘முதல்’ என்ற சொல்லுக்குத் தொடக்கம், அடிப்படை என்பவற்றோடு மூலதனம் என்ற பொருளும் உண்டு. வணிகத்தில் போடும் பணமும் முதல்தான். ‘ஹேப்பி பிளேஸ்’ நாவலில் நிலமும் பொழுதும் இரண்டு பொருளிலும் முதலாகின்றன.

நிலம் சப்ரீனாவின் தந்தைக்கு உரியது. அவர் கதைக்களத்தில் இல்லை. அவருடைய முடிவு மட்டும் கதையை இயக்குகிறது. வீடு விற்கப்படாவிட்டால் அவசரத் திருமணம் இல்லை; திருமணம் இல்லையேல் நடிப்புக்குத் தேவை இல்லை; நடிப்பு இல்லையேல் கதை இல்லை. ஒரு சொத்து விற்பனையே இக்காதல் கதையின் முதற்காரணம். ஆண்டுக்கணக்காகத் தமதென்று எண்ணிய இடத்தில் தாம் விருந்தினரே என்பதை நண்பர்கள் அந்த வாரத்தில்தான் உணர்கின்றனர். வீட்டுக்காரரின் மகளாகிய சப்ரீனாவின் நிலையும் அதுவே. ஆயினும் அவள் விருந்தளிப்பவள். உணவு, ஊர்த்திருவிழா, படகுப் பயணம் என வாரத்தின் ஒழுங்கை அவளே வகுக்கிறாள். விருந்தினராக வந்தவர்கள் உண்மையைச் சொல்லத் தயங்குவதில் நட்பின் மென்மையோடு விருந்துக்குக் கடன்பட்ட உணர்வும் கலந்திருக்கிறது.

பொழுதின் உரிமை வேறிடத்தில் உள்ளது. ஹாரியட் சான் பிரான்சிஸ்கோவில் நரம்பியல் அறுவை மருத்துவப் பயிற்சியில் இருப்பவள். அமெரிக்காவில் அப்பயிற்சி 7 ஆண்டுகள் நீள்வது. மருத்துவப் பயிற்சியாளரின் பணிநேரம், 4 வாரச் சராசரியில் வாரத்துக்கு 80 மணி என 2003இல் வரம்பிடப்பட்டது. வரம்பே 80 மணி என்பது அவ்வாழ்வின் இயல்பைக் காட்டப் போதுமானது. மேலும், 1938ஆம் ஆண்டின் அமெரிக்க நியாயத் தொழில்தரச் சட்டம் ஊதியத்துடன் கூடிய விடுமுறையை வேலையளிப்போர்மீது கட்டாயமாக்கவில்லை. அங்கு விடுமுறை பெரிதும் வேலையளிப்பவர் விருப்பத்தைப் பொறுத்தது. இப்பின்னணியில், அறுவர் ஒரே வாரத்தில் ஒரே வீட்டில் கூடுவது எளிய நிகழ்ச்சியன்று. அது அரிதாகச் சேர்த்து வைத்த செல்வம். நாவலில் வரும் பொய்கள் பலவும் அச்செல்வம் வீணாகிவிடும் என்ற அச்சத்திலிருந்தே பிறக்கின்றன.

இயல் தலைப்புகளின் தலைகீழ் அமைப்பு

நாவலின் இயல்கள் இருவகைத் தலைப்புகளைத் தாங்குகின்றன. நிகழ்காலப் பகுதிகள் ‘மெய் வாழ்க்கை’ எனப் பொருள்படும் தலைப்போடு கிழமைப் பெயரையும் பெறுகின்றன. கடந்தகாலப் பகுதிகள் ‘மகிழ்விடம்’ எனப் பொருள்படும் தலைப்பையும் ஊர்ப்பெயரையும் பெறுகின்றன. ஒன்று பொழுதால் அளக்கப்படுகிறது. மற்றொன்று நிலத்தால் அறியப்படுகிறது.

இப்பகுப்பில் ஒரு தலைகீழ் உண்டு. பொது வழக்கில் மெய் வாழ்க்கை என்பது வேலை. மகிழ்விடம் என்பது விடுமுறை. இங்கோ கடற்கரையில் கழியும் விடுமுறை வாரமே பெரும்பாலும் ‘மெய் வாழ்க்கை’ எனப்படுகிறது. மருத்துவமனை வாழ்வு கதையின் விளிம்பில், நினைவாகவும் அச்சமாகவும் மட்டுமே நிற்கிறது. ஆண்டின் பெரும்பகுதியை விழுங்கும் வேலைக்கு நாவலில் மெய்ம்மை மறுக்கப்படுகிறது. இது தப்பித்தல் இலக்கியத்தின் வழக்கமான உத்தி எனத் தோன்றலாம். ஆனால் விடுமுறைக்கு ‘மெய்’ என்று பெயரிட்ட பின், கிழமைகளை ஒவ்வொன்றாக எண்ணி, அந்த மெய்யும் தீர்ந்துபோவதை நாவல் காட்டுகிறது. கிழமைப் பெயர் மாறும்போதெல்லாம் வாசகர் எஞ்சிய நாட்களைக் கணக்கிடுகிறார். விடுமுறையில் இருந்தபடி இந்நாவலை வாசிப்பவரும் தம் விடுமுறையை அவ்வாறே எண்ணிக்கொண்டிருப்பவர். வடிவத்துக்கும் வாசிப்புச் சூழலுக்கும் இடையிலான இப்பொருத்தம் இலகு நாவல் ஒன்றின் நுட்பமான சாதனை எனலாம்.

மீள்கூடல் கதைமரபில் ஒரு திருப்பம்

பழைய நண்பர்கள் ஒரு வீட்டில் கூடும் கதைக்கு அமெரிக்கக் கலைமரபில் முன்னோடிகள் உண்டு. ஜான் செயில்ஸ் இயக்கிய ‘ரிட்டர்ன் ஆஃப் தி சிகாகஸ் செவன்’ (1980), லாரன்ஸ் காஸ்டன் இயக்கிய ‘தி பிக் சில்’ (1983) ஆகிய திரைப்படங்கள் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. முன்னதில் நியூ ஹாம்ப்ஷயரில் ஆசிரியப் பணி புரியும் ஓர் இணையின் வீட்டில் நண்பர்கள் வார இறுதியில் கூடுகின்றனர். பின்னதில் தற்கொலை செய்துகொண்ட நண்பனின் இறுதிச் சடங்குக்காகத் தென் கரோலினாவில், தொழிலில் வெற்றிபெற்ற ஒருவரின் வீட்டில் கூடுகின்றனர். இரு படங்களின் மாந்தரும் 1960களின் எதிர்ப்பு அரசியலைக் கடந்து வந்தவர்கள். ‘நாம் நம்பியது என்னவாயிற்று?’ என்ற கேள்வி அங்கு நட்பை உறுத்துகிறது.

ஹென்றியின் மாந்தருக்கு அத்தகைய பொது நம்பிக்கை எதுவும் இருந்ததில்லை. அவர்களை இணைத்தது ஒரு கல்லூரி அறை. பின்னர் ஒரு கோடை வீடு. எனவே அவர்களிடையே எழும் கேள்வி, ‘இனி நாம் எப்போது, எங்கே சந்திப்போம்?’ என்பதே. இதை வீழ்ச்சியாக மட்டும் காண்பது பொருந்தாது. கொள்கைத் தோழமை தளர்ந்த பிறகும் நட்பு தேவைப்படுகிறது. அதைத் தாங்கப் பொது இயக்கமோ பொது இடமோ இல்லாதபோது, அதன் முழுச் சுமையும் தனியார் வீடொன்றின்மீது விழுகிறது. வீடு விலைபோகும்போது நட்பும் ஆட்டம் காண்கிறது.

மறைப்பும் மோதலும்

ஹாரியட் சண்டையைக் கண்டு அஞ்சுபவள். கசப்பு நிறைந்த பெற்றோர் இல்லத்தில் அமைதி காக்கப் பழகியவள். அவளுடைய படிப்புக்காகப் பெற்றோர் செய்த தியாகம் அவளை இன்னும் பிணைத்திருக்கிறது. எல்லோரையும் மகிழ்விப்பதே அவளது இயல்பாகிவிட்டதால், தன் மகிழ்ச்சியின்மையை அவளால் யாரிடமும் சொல்ல இயலவில்லை.

ஆனால் மறைப்பவள் அவள் மட்டும் அல்லள். கிளியோ தான் கருவுற்றிருப்பதைச் சொல்லவில்லை. வின் தன் மனச்சோர்வையும் அதற்கான சிகிச்சையையும் சொல்லவில்லை. ஹாரியட்–வின் பிரிவு சப்ரீனாவுக்கும் பார்த்துக்கும் முன்பே தெரியும். அவர்களைச் சேர்த்துவைக்கவே வாரம் திட்டமிடப்பட்டது. ஏமாற்றுவோர் ஏமாற்றப்பட்டோராகும் இத்திருப்பம் இன்பியல் நாடகத்துக்கு உரியது. அதன் விளைவோ இன்பியலுக்கு எளிதில் அடங்குவதில்லை. உண்மை வெளிப்படும் இடத்தில் தோழியரிடையே வெடிக்கும் சண்டை, காதலரின் எந்த உரையாடலையும்விடக் கூர்மையானது. ஒருவர் வாழ்வில் நடப்பது மற்றவருக்குத் தெரியாமற்போனது, ஒருவரை ஒருவர் சென்று காணாதது ஆகிய மனத்தாங்கல்கள் அங்கு வெளிவருகின்றன. ஆண்டுக்கு ஒரு வாரம் என்னும் ஏற்பாடு நட்பைக் காத்ததுபோல் தோன்றி, அதைப் பழைய வடிவிலேயே உறையச் செய்துவிட்டது.

அரிஸ்டாட்டில் ‘நிகோமாக்கிய அறவியல்’ நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகளில் நட்பை விரிவாக ஆராய்கிறார். தொலைவு நட்பை அறவே அழிப்பதில்லை, அதன் செயற்பாட்டையே தடுக்கிறது. பிரிவு நீண்டால் நட்பு மறக்கப்படவும் கூடும் என்பது அவர் கருத்து. கோப்பெருஞ்சோழன்–பிசிராந்தையார் நட்பைப் போற்றும் மரபில் வந்த வாசகருக்கு இது முழு உடன்பாடாக இராது. காணாமலே முதிரும் நட்பை அம்மரபு அறியும். ஹென்றியின் மாந்தர் இவ்விரண்டுக்கும் இடையில் நிற்கின்றனர். காணாமலும் நட்பு நிற்கும் என்று நம்பியே ஆண்டைக் கழிக்கின்றனர். கண்டபோது, ஒருவர் மற்றவரை அறியவில்லை என உணர்கின்றனர்.

மறுமண இன்பியலும் அதன் வசதியும்

நார்த்ரப் ஃப்ரை ‘திறனாய்வின் உடற்கூறு’ (1957) நூலில் ஷேக்ஸ்பியரின் இன்பியல் நாடகங்களில் வரும் ‘பசுமை உலகம்’ பற்றிப் பேசுகிறார். மாந்தர் நகரை நீங்கிக் காட்டில் புகுந்து, சிக்கல் தீர்ந்து மீள்வது அதன் அமைப்பு. ஸ்டான்லி கவெல் 1981இல் இக்கருத்தை ஹாலிவுட் படங்களுக்கு விரித்தார். 1934 முதல் 1949 வரை வெளியான 7 படங்களை ‘மறுமண இன்பியல்’ என்னும் வகையாக அவர் ஆராய்ந்தார். புதியவர் இருவரைச் சேர்ப்பதைவிட, பிரிந்த இணையை உரையாடலின் வழி மீண்டும் சேர்ப்பது அவ்வகையின் இலக்கு. அவ்வாறு உரையாட அப்படங்களின் மாந்தருக்கு வசதியும் ஓய்வும் வாய்த்திருப்பதை அவர் கவனிக்கத் தவறவில்லை.

‘ஹேப்பி பிளேஸ்’ இவ்வகையின் அண்மைக்கால வடிவம். ஆனால் கவெல் காட்டும் மாந்தருக்குப் பசுமை உலகம் பெரும்பாலும் தடையின்றிக் கிடைக்கிறது; ஹாரியட்டுக்கும் வின்னுக்கும் அது ஒரு வாரக் கடனாகக் கிடைக்கிறது. அவர்களுடைய பிரிவின் வேரிலும் மனமாற்றத்தைவிட இடமும் பொழுதுமே உள்ளன. தந்தை மறைந்தபின், பார்க்கின்சன் நோயுற்ற தாயைப் பேண வின் மொன்டானாவுக்குச் செல்கிறான். ஹாரியட் சான் பிரான்சிஸ்கோவில் பயிற்சியில் தங்குகிறாள். தொலைவும் பணிநேரமும் உரையாடலை அரித்து, இறுதியில் ஒரு சிறு தொலைபேசி அழைப்பில் உறவு முறிகிறது. உரையாட ஒரு வாரம் கிடைத்ததும் உறவு மீள்கிறது. காதலின் தோல்வி எனக் கருதப்பட்டது பெருமளவில் ஓய்வின்மையின் விளைவு என்பதை நாவல் தன் அமைப்பாலேயே மெய்ப்பிக்கிறது.

முடிவின் சிக்கல்

நாவலின் இறுதியில் ஹாரியட் அறுவை மருத்துவப் பயிற்சியைக் கைவிட்டு, வின்னோடு மொன்டானாவில் வாழத் தொடங்குகிறாள். மட்பாண்டம் வனைதலில் ஈடுபடுகிறாள். உயர்கல்வி பெற்ற பெண் காதலுக்காகத் தொழிலைத் துறப்பது பிற்போக்கான முடிவு என்ற எதிர்ப்பு இங்கு எழுவது இயல்பு.

இவ்வெதிர்ப்பு பனுவலோடு முழுமையாகப் பொருந்தவில்லை. மருத்துவத்தை அவள் விரும்பித் தேர்ந்ததைவிடப் பெற்றோரின் பெருமிதத்துக்காகத் தேர்ந்தாள் என்பதற்கான குறிப்புகள் தொடக்கம் முதலே உள்ளன. மட்பாண்டத்தின்மீதான நாட்டம் வின்னைப் பிரிந்து வாழ்ந்த காலத்தில் அவள் தனித்துக் கண்டடைந்தது. மேலும், பேணும் பொறுப்புக்காக முதலில் இடம்பெயர்ந்தவன் வின். ஆண் தாயைப் பேண, பெண் பயிற்சியைத் தொடர்ந்த காலமும் கதையில் உண்டு. ஆகவே இதைத் தியாகம் என்பதைவிட, பிறர் தந்த வாழ்வை மறுத்தல் என்று கொள்வதே பொருத்தம்.

முடிவின் குறை வேறிடத்தில் உள்ளது. மருத்துவமனைப் பொழுதுக்கு மாற்றாக நாவல் கைவினைப் பொழுதை முன்வைக்கிறது. வின் மேசைகள் செய்கிறான். ஹாரியட் கலங்கள் வனைகிறாள். மேசையும் கலமும் மக்கள் கூடி உண்பதற்குரிய பொருள்கள். கூடுதலைப் பற்றிய நாவல் தன் நாயகனுக்கும் நாயகிக்கும் இவ்விரு தொழில்களை அளித்திருப்பது அழகிய பொருத்தம். ஆயினும் கைவினைஞர் தம் பொழுதுக்குத் தாமே உரியவர் என்ற எண்ணம் ஆராயப்படாமலே விடப்படுகிறது. கைவினைக்கும் சந்தை உண்டு, கெடு உண்டு, விற்காத பொருளும் உண்டு. 7 ஆண்டுப் பயிற்சியை இடையில் விடுவதன் பொருளியல் விளைவுகளும் கதைக்கு வெளியே நிற்கின்றன. சொத்து விற்பனையைக் கதையின் முதற்காரணமாக்கிய நாவல், முடிவில் பணத்தை மறந்துவிடுகிறது.

இன்னொரு குறை நட்பு பற்றியது. காதலருக்கு நிலமும் பொழுதும் நிலையாகக் கிடைக்கின்றன. நட்புக்கு அவ்வாறு கிடைக்கவில்லை. மகிழ்விடம் என்பது வீடன்று, மாந்தரே என்ற ஆறுதலை நாவல் நல்குகிறது. மாந்தருக்கும் கூட ஓர் இடம் வேண்டும் என்பதை முந்தைய பக்கங்களில் அதே நாவல்தான் உணர்த்தியது. காதல் நாவல் என்னும் வகைமை, இணை சேரும் முடிவை வாசகருக்கு வாக்களிக்கிறது. நட்புக்கு அத்தகைய வாக்குறுதி எதையும் அது வைத்திருக்கவில்லை. ஹென்றி முதல் வாக்குறுதியைக் காப்பாற்றுகிறார். இரண்டாவது இல்லாத குறையைத் தோழியரின் சண்டைக் காட்சியில் உணரச் செய்கிறார். ஆனால் அதை நிரப்பும் வடிவத்தை நாடவில்லை.

முடிவுரை

‘ஹேப்பி பிளேஸ்’ நாவலின் இலகுத்தன்மை, சிக்கல்களைக் காணாத தன்மை அன்று. நட்புக்கான இடம் தனிச் சொத்தாகவும், அதற்கான பொழுது வேலையளிப்பவர் தரும் சலுகையாகவும் இருப்பதை அது கதையமைப்பு, இயல் பகுப்பு, மாந்தரின் மறைப்புகள் ஆகியவற்றின் வழியாகத் தெளிவாகக் காண்கிறது. கண்டதை இறுதிவரை தொடராமல் ஓர் இணையின் மகிழ்ச்சியில் நிறுத்திக்கொள்வதே அதன் இலகு. எனவே இத்தகைய நாவல்களை ஆராய்வோர், அவை தீவிரமானவையா என்று வினவுவதைக் காட்டிலும், அவை எந்த இடம்வரை தீவிரமாக வந்து எங்கே நின்றுவிடுகின்றன என்று வினவுவது பயன்தரும்.

இந்நாவலில் அவ்விடம் திட்டமாகவே தெரிகிறது. காதலர் இருவரும் மொன்டானாவில் தமக்கென ஒரு வாழ்வை அமைத்துக்கொள்கின்றனர். அடுத்த கோடையில் மற்ற நால்வருக்கும் எத்தனை நாள் விடுமுறை கிடைக்கும், அவர்கள் அறுவரும் எந்த மேசையைச் சுற்றி அமர்வர் என்பதை நாவல் வாசகரிடம் விட்டுவிடுகிறது.